கருவியிலிருந்து மருந்துக்கு: சிசிஆர்4 ஏற்பிக்கு எதிரான ஒற்றைமூல எதிர்ப்பொருளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

வெள்ளணுக்களின் இடப்பெயர்ச்சியை நெறிப்படுத்தும் கீமோகைன் ஏற்பிகளுக்கு எதிராக உருவாக்கப்பட்ட ஒற்றைமூல எதிர்ப்பொருள்கள், முதலில் ஆய்வுக்கூடக் கருவிகளாகவும் பின்னர்ச் சில நோய்களுக்கு மருந்துகளாகவும் பயன்பட்டு வந்துள்ளன. இவற்றுள் சிசிஆர்4 என்னும் ஏற்பிக்கு எதிராக ஜப்பானில் உருவான எதிர்ப்பொருள் 2012ஆம் ஆண்டு மொகமுலிசுமாப் என்னும் பெயரில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. அதன் வரலாற்றை 1975 முதல் காலவரிசையில் இக்கட்டுரை ஆராய்கின்றது. இலக்கு கண்டறியப்பட்டது, அதற்கேற்ப மருந்து செய்யப்பட்டது என்னும் நேர்க்கோட்டு விளக்கம் இவ்வரலாற்றுக்குப் பொருந்தவில்லை என்பதும், மருந்தின் நன்மையும் தீமையும் ஒரே அடையாளத்திலிருந்து பிறந்தன என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: ஒற்றைமூல எதிர்ப்பொருள், கீமோகைன் ஏற்பி, சிசிஆர்4, முதிர்ந்தோர் டி செல் இரத்தப் புற்றுநோய், மொகமுலிசுமாப், அறிவியல் வரலாறு

முன்னுரை

உடலின் நோய்த்தடுப்பாற்றல் செல்கள் ஓரிடத்தில் நிலைத்திருப்பவை அல்ல. எலும்பு மச்சையில் தோன்றி, குருதியில் உலவி, நிணநீர்க் கணுக்களில் தங்கி, காயமோ தொற்றோ நேர்ந்த இடத்திற்குச் சென்று சேர்கின்றன. எந்தச் செல் எங்குச் செல்ல வேண்டும் என்பதைக் கீமோகைன்கள் எனப்படும் சிறு புரதங்களும், அவற்றை உணரும் வகையில் செல்லின் மேற்பரப்பில் அமைந்துள்ள ஏற்பிகளும் முடிவு செய்கின்றன. மனித உடலில் ஏறத்தாழ 50 கீமோகைன்களும் 20 ஏற்பிகளும் உள்ளன. ஒரு செல் எந்த ஏற்பியைத் தாங்கியுள்ளது என்று அறிந்தால் அது செல்லும் இடத்தை ஓரளவு முன்னறியலாம். புற்றுச் செல்களும் இதே ஏற்பிகளைப் பயன்படுத்தித் தோலுக்கும் நிணநீர்க் கணுவுக்கும் பரவுகின்றன என்பதால், இவ்வறிவு மருத்துவத்திற்கும் இன்றியமையாததாயிற்று.

ஏற்பியைக் கண்ணால் காண இயலாது. அதனோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருள் வேண்டும். அப்பொருளே எதிர்ப்பொருள். ஆகவே கீமோகைன் ஏற்பிகளைப் பற்றிய அறிவின் வரலாறு, அவற்றுக்கான எதிர்ப்பொருள்களை உருவாக்கிய வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. பாடநூல்கள் எதிர்ப்பொருளை முடிவில் வரும் பயனாகவே காட்டுகின்றன. ஏற்பி கண்டறியப்பட்டது, அதன் பணி விளங்கிற்று, பின்னர் அதைத் தடுக்கும் எதிர்ப்பொருள் செய்யப்பட்டது என்பது அவற்றின் வைப்புமுறை. இவ்வைப்புமுறை சரியானதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இதற்கு விடை காணச் சிசிஆர்4 ஏற்பியின் வரலாறு தக்க சான்றாக அமைகின்றது.

1. ஒற்றைமூல எதிர்ப்பொருளும் ஏற்பியின் கடினமும்

1975க்கு முன்னர் எதிர்ப்பொருள் வேண்டுவோர் முயலுக்கோ ஆட்டுக்கோ அயற்பொருளைச் செலுத்தி, அதன் குருதிநீரைப் பயன்படுத்தினர். அதில் பல்வேறு எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். விலங்கு இறந்தால் அதே கலவையை மீண்டும் பெற இயலாது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும், எலியின் மண்ணீரலில் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லை இறவாமல் பெருகும் புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை முடிவின்றிச் சுரக்கும் கலப்புச் செல்லை உருவாக்கினர். ஆட்டின் சிவப்பணுக்களை அயற்பொருளாகக் கொண்டு செய்யப்பட்ட அந்த ஆய்வு 1975ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளிவந்தது. அம்முறைக்குக் காப்புரிமை பெறப்படவில்லை என்பது அதன் விரைவான பரவலுக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. 1984ஆம் ஆண்டு இருவரும் நீல்ஸ் ஜெர்னவுடன் நோபல் பரிசு பெற்றனர்.

இம்முறை எல்லாப் புரதங்களுக்கும் ஒரே அளவில் கைகொடுக்கவில்லை. கீமோகைன் ஏற்பி, செல்லுறையை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் இழை போன்ற புரதமாகும். அதன் பெரும்பகுதி உறைக்குள்ளும் செல்லுக்குள்ளும் மறைந்துள்ளது. வெளியே நீண்டிருப்பவை ஒரு முனைப்பகுதியும் மூன்று சிறு வளையங்களும் மட்டுமே. உறையிலிருந்து பிரித்தெடுத்தால் அதன் இயல்பான வடிவம் சிதைந்துவிடுகின்றது. அன்றியும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் தம்முள் ஒத்திருப்பதால், ஒன்றுக்கென்று செய்த எதிர்ப்பொருள் மற்றொன்றிலும் ஒட்டக்கூடும். மனித ஏற்பியோடு எலியின் ஏற்பியும் ஒத்திருப்பதால் எலியின் உடல் அதை அயற்பொருளாகக் கருதாமலும் விடலாம்.

இத்தடைகளைக் கடக்க இரு வழிகள் கையாளப்பட்டன. ஏற்பியின் வெளிமுனையைப் போன்ற சிறு புரதத்துண்டைச் செயற்கையாகச் செய்து எலிக்குச் செலுத்துவது முதல் வழி. ஏற்பியை மிகுதியாகத் தாங்கிய முழுச் செல்லையே செலுத்துவது இரண்டாம் வழி. முதல் வழியில் கிடைக்கும் எதிர்ப்பொருள் துண்டை அறியும். முழு ஏற்பியை அறியாமற் போகலாம். இரண்டாம் வழியில் செல்லின் மேலுள்ள பிற புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் உருவாகும். அவற்றினின்று வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் உழைப்பு பெரிது.

2. கீமோகைன்கள் ஒரு குடும்பமாதல்

நடுவமைநாடி வெள்ளணுக்களை ஈர்க்கும் புரதம் ஒன்று 1987இல் பல ஆய்வகங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டறியப்பட்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் யோஷிமுரா தெய்சோ, மட்சுஷிமா கோஜி முதலியோர் செய்த பணி அவற்றுள் ஒன்று. அப்புரதம் பின்னர் இன்டர்லூக்கின்-8 எனப் பெயர் பெற்றது. ஒற்றைக்கரு வெள்ளணுக்களை ஈர்க்கும் புரதம் 1989இல் விவரிக்கப்பட்டது. இன்டர்லூக்கின்-8இன் ஏற்பிகளுக்குரிய மரபணுக்கள் 1991இல் பிரித்தெடுக்கப்பட்டன. பல பெயர்களில் வழங்கிய இப்புரதங்களுக்குக் 'கீமோகைன்' என்னும் பொதுப்பெயர் 1992இல் சூட்டப்பட்டது.

இக்காலத்தில் ஏற்பிகளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் மரபணு வரிசையிலிருந்தே வந்தது. ஒரு மரபணு ஏற்பியை உருவாக்கும் என்று அறிந்தாலும், எந்தச் செல்லின் மேல் அவ்வேற்பி உண்மையில் இருக்கின்றது என்பது தெரியவில்லை. செல்லுக்குள் அம்மரபணுவின் ஆர்என்ஏ உள்ளதா என்று பார்ப்பது வழக்கம். அதைக் கொண்டு பலவகைச் செல்கள் கலந்த குருதியில் செல்களை ஒவ்வொன்றாக வகை பிரிக்க இயலாது. இந்த இடைவெளியையே எதிர்ப்பொருள்கள் நிரப்பின.

3. எதிர்ப்பொருள் முந்தி, பெயர் பிந்தி

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹாக்சியின் குழு, வைரஸ் தொற்றிய செல்களை எலிக்குச் செலுத்தி 12ஜி5 என்னும் எதிர்ப்பொருளைப் பெற்றிருந்தது. சில வைரஸ் வகைகள் செல்லுக்குள் நுழைவதை அது தடுத்தது. ஆனால் அது எதனோடு ஒட்டுகின்றது என்பது பிறகே விளங்கிற்று. 1996இல் எட்வர்டு பெர்கரின் குழு எச்ஐவி-1 நுழைவதற்குத் துணைபுரியும் செல்புரதத்தைக் கண்டறிந்து 'ஃபியூசின்' எனப் பெயரிட்டது. 12ஜி5 அதனையே அறிகின்றது என்று அதே ஆண்டில் ஹாக்சியின் குழு காட்டியது. கீமோகைன் ஏற்பி என உணரப்பட்டபின் ஃபியூசின், சிஎக்ஸ்சிஆர்4 எனப் பெயர் மாற்றம் பெற்றது. மற்றொரு நுழைவாயிலான சிசிஆர்5 ஏற்பியையும் பல குழுக்கள் 1996இலேயே அறிவித்தன.

அடுத்த ஆண்டு, இவ்விரு ஏற்பிகளுக்கும் எதிரான எதிர்ப்பொருள்களைக் கொண்டு மனித டி செல்களை ஆராய்ந்தபோது, இதுவரை அயற்பொருளைச் சந்தியாத டி செல்கள் பெரும்பாலும் சிஎக்ஸ்சிஆர்4ஐயும், நினைவு டி செல்கள் சிசிஆர்5ஐயும் தாங்கியிருப்பது தெரிய வந்தது. 1999இல் ஃபெடரிகா சலுஸ்தோவும் அந்தோனியோ லான்சவெக்கியாவும் சிசிஆர்7க்கு எதிரான எதிர்ப்பொருளைக் கொண்டு, நினைவு டி செல்களை மைய நினைவுச் செல்கள், செயலாற்றும் நினைவுச் செல்கள் என இரண்டாகப் பிரித்தனர். இன்று நோய்த்தடுப்பியல் பாடநூல் அனைத்திலும் இடம்பெறும் இவ்வகைப்பாடு, தக்க எதிர்ப்பொருள் கைக்கு வந்ததனாலேயே இயன்றது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. முன்னரே அறியப்பட்ட வகையைச் சுட்டுவது மட்டுமே எதிர்ப்பொருளின் பணி அன்று. வகையை உருவாக்குவதும் அதன் பணியாயிற்று. அதே வேளையில் எதிர்ப்பொருள் காட்டுவதெல்லாம் முழு உண்மையும் அன்று. சிசிஆர்5க்கு எதிரான பல எதிர்ப்பொருள்களை ஒப்பிட்ட 1999ஆம் ஆண்டு ஆய்வு, ஒரே ஏற்பி செல்லின் மேற்பரப்பில் பல வடிவ நிலைகளில் இருப்பதையும், ஒவ்வோர் எதிர்ப்பொருளும் அவற்றுள் சிலவற்றையே அறிவதையும் காட்டியது. ஏற்பி இல்லை என்று ஓர் ஆய்வாளர் எழுதும்போது, தம்மிடமுள்ள எதிர்ப்பொருளுக்கு அது புலப்படவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.

4. சிசிஆர்4: ஒவ்வாமை ஆய்வின் கருவி

சிசிஆர்4 ஏற்பியின் மரபணு 1995இல் ஜெனீவாவிலிருந்த கிளாக்சோ ஆய்வகத்தாரால் மனித பேசோஃபில் செல்வகை ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அப்போது வேறு சில கீமோகைன்களே அதனோடு இணைவதாகக் கருதப்பட்டது. ஜப்பானில் ஷியோனோகி மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய இமாய் தோஷியோ, யோஷியே ஒசாமு முதலியோர், தாங்கள் 1996இல் கண்டறிந்த டார்க் என்னும் கீமோகைனே சிசிஆர்4இன் உண்மையான இணை என்று 1997இல் நிறுவினர். எம்டிசி என்னும் இன்னொரு கீமோகைனும் அதனோடு இணைவது மறு ஆண்டில் தெரிந்தது. இவை இன்று முறையே சிசிஎல்17, சிசிஎல்22 என வழங்குகின்றன.

அக்காலத்தில் நோய்த்தடுப்பியலாளரின் கவனம் உதவி டி செல்களின் இரு வகைகள்மீது இருந்தது. முதல் வகை நுண்ணுயிர்த் தொற்றை எதிர்ப்பது. இரண்டாம் வகை ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை முதலியவற்றோடு தொடர்புடையது. இவை நுண்ணோக்கியில் வேறுபாடின்றித் தோன்றும். சிசிஆர்4க்கு எதிரான எலி ஒற்றைமூல எதிர்ப்பொருளைப் பயன்படுத்தி, இவ்வேற்பி இரண்டாம் வகைச் செல்களில் தேர்ந்து அமைந்துள்ளது என்பதை இமாய், யோஷியே, மட்சுஷிமா முதலியோர் 1999இல் காட்டினர். ஏற்பியின் வெளிமுனைப் பகுதியை அறியும் அந்த எதிர்ப்பொருள் கேஎம்2160 எனக் குறியிடப்பட்டது. கியோவா ஹக்கோ நிறுவனம் இம்முயற்சியில் பங்குகொண்டது.

இங்குக் கருதத்தக்கது, அப்போது இவ்வெதிர்ப்பொருள் புற்றுநோய்க்கென்று செய்யப்படவில்லை என்பதாகும். ஒவ்வாமைக்குக் காரணமான செல்லை இனங்காண்பதே அதன் முதற்பணி.

5. கியூஷு தீவின் நோய்

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிய வேறொரு வரலாறு இங்கு வந்து இணைகின்றது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தக்கத்சுகி கியோஷி, உச்சியாமா தகாஷி முதலியோர் 1977இல் 16 நோயாளிகளைப் பற்றி எழுதி, முதிர்ந்தோரிடம் தோன்றும் டி செல் இரத்தப் புற்றுநோயைத் தனி நோயாக அறிவித்தனர். நோயாளிகளுள் பெரும்பாலோர் ஜப்பானின் தென்மேற்கிலுள்ள கியூஷு தீவில் பிறந்தவர்கள். பிறந்த இடம் நோயோடு தொடர்புற்றிருந்தமையே தொற்று ஒன்று காரணமாக இருக்கலாம் என்னும் ஐயத்தை எழுப்பியது. அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் குழு 1980இல் மனித ரெட்ரோவைரஸ் ஒன்றை அறிவித்தது. 1981இல் ஹினுமா யோரியோவின் குழு, இந்நோயாளிகளிடம் ஒரு வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டியது. இரண்டும் ஒரே வைரஸ் எனப் பின்னர் உறுதியாயிற்று. அதுவே எச்டிஎல்வி-1.

இவ்வைரஸ் பெரும்பாலும் தாய்ப்பால் வழியாகக் குழந்தையைச் சேர்கின்றது. தொற்றியவர்களுள் ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டினருக்கே, அதுவும் பல பத்தாண்டுகள் கழித்தே, புற்றுநோய் தோன்றுகின்றது. ஆனால் தோன்றியபின் அதன் கடும் வகைகள் விரைந்து கொல்வன. பல மருந்துகளை இணைத்த தீவிர சிகிச்சையை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஜப்பானியச் சோதனையிலும் இடைநிலை வாழ்நாள் ஏறத்தாழ 13 மாதங்களாகவே இருந்தது.

இந்நோயின் புற்றுச் செல்கள் தோலில் படிவதை மருத்துவர்கள் நெடுநாள் அறிந்திருந்தனர். தோலுக்குச் செல்லும் டி செல்களில் சிசிஆர்4 அமைந்திருப்பது அறியப்பட்டபின், இவ்விரண்டும் தொடர்புடையனவா என்னும் வினா எழுந்தது. யோஷியேயின் குழு 2002இல் இப்புற்றுச் செல்களில் சிசிஆர்4 அடிக்கடி காணப்படுவதை அறிவித்தது. நகோயா நகரப் பல்கலைக்கழகத்தின் இஷிதா தகாஷி, உயேதா ரியூசோ முதலியோர் 2003இல் 103 நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களுள் ஏறத்தாழ 88 விழுக்காட்டினரின் புற்றுச் செல்களில் இவ்வேற்பி இருப்பதையும், அது தோல் பாதிப்போடும் குறைந்த வாழ்நாளோடும் தொடர்புற்றிருப்பதையும் காட்டினர். இவ்வாய்வில் பயன்பட்டது அதே கேஎம்2160 எதிர்ப்பொருள். ஒவ்வாமைச் செல்லை இனங்காணச் செய்த கருவி, புற்றுச் செல்லையும் இனங்காட்டிற்று.

6. ஒரு சர்க்கரையின் இன்மை

இனங்காண்பது வேறு, அழிப்பது வேறு. ஏற்பியை அடைத்தால் செல் இடம்பெயர்வது தடைபடலாம். ஆனால் அச்செல் சாகவேண்டியதில்லை. புற்றுச் செல்லை அழிக்க, அதன்மேல் ஒட்டிய எதிர்ப்பொருளின் வால்பகுதியை இயற்கைக் கொல்லி செல்கள் பற்றிக்கொண்டு அதைக் கொல்ல வேண்டும். இவ்வழி பெரும்பாலும் வலுவற்றதாகவே இருந்தது.

இதற்கான தீர்வு சிசிஆர்4 ஆய்விலிருந்து வரவில்லை. இன்டர்லூக்கின்-5 ஏற்பிக்கு எதிரான ஓர் எதிர்ப்பொருளைக் கியோவா ஹக்கோ ஆய்வாளர்கள் இரு வேறு செல்வகைகளில் தயாரித்தபோது, எலிவகைச் செல்லான ஒய்பி2/0இல் தயாரித்தது, வழக்கமான சீன வெள்ளெலிச் செல்லில் தயாரித்ததைவிட ஐம்பது மடங்குக்கும் மேலான கொல்லும் திறன் கொண்டிருந்தது. இரண்டின் புரத வரிசையும் ஒன்றே. வேறுபாடு வால்பகுதியில் இணைந்திருந்த சர்க்கரைத் தொடரில் இருந்தது. ஃபியூகோஸ் என்னும் ஒரு சர்க்கரை குறைந்திருந்ததே காரணம் என்று ஷிங்காவா தோயோஹிதே முதலியோர் 2003இல் எழுதினர். அமெரிக்காவின் ஜெனென்டெக் ஆய்வாளர்களும் முந்தைய ஆண்டில் இதையொத்த முடிவை வேறு வழியில் அடைந்திருந்தனர். ஃபியூகோஸை இணைக்கும் எஃப்யூடி8 மரபணுவை முற்றிலும் நீக்கிய வெள்ளெலிச் செல்வகை 2004இல் விவரிக்கப்பட்டது.

அதே ஆண்டில் கேஎம்2160இன் பிணைப்புப் பகுதியை மனித எதிர்ப்பொருளோடு இணைத்து, ஃபியூகோஸ் குறைத்துச் செய்யப்பட்ட எதிர்ப்பொருள் டி செல் புற்றுகளுக்கு எதிராக வலுவாகச் செயல்படுவதாக நிவா ரின்பெய் முதலியோர் அறிவித்தனர். இதனை மேலும் மனிதத்தன்மையாக்கியதே கேடபிள்யூ-0761 என்னும் மருந்து. பின்னர் அது மொகமுலிசுமாப் எனப் பெயர் பெற்றது. ஏற்பியின் பணியைத் தடுப்பதை இம்மருந்து சார்ந்திருக்கவில்லை. ஏற்பியை அடையாளமாகக் கொண்டு கொல்லும் செல்லை அழைப்பதையே சார்ந்திருந்தது. கீமோகைன் ஏற்பி செல்லை எங்கே செலுத்துகின்றது என்னும் பத்தாண்டு அறிவைவிட, அது செல்லின்மேல் இருக்கின்றது என்னும் ஒரு செய்தியே மருந்துக்குப் போதுமானதாயிற்று.

7. சோதனைகளும் ஒப்புதலும்

முதற்கட்டச் சோதனையில் 16 நோயாளிகள் மருந்து பெற்றனர். ஐவரிடம் நோய் தணிந்தது. இம்முடிவு 2010இல் வெளிவந்தது. இரண்டாம் கட்டத்தில் முன்சிகிச்சைக்குப் பின் நோய் மீண்ட 28 பேர் சேர்க்கப்பட்டனர். வாரம் ஒருமுறை, எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் எட்டு முறை மருந்து செலுத்தப்பட்டது. மதிப்பிடத்தக்க 26 பேருள் 13 பேரிடம் நோய் தணிந்தது. அவர்களுள் 8 பேரிடம் முற்றிலும் மறைந்தது. இடைநிலை வாழ்நாள் 13.7 மாதங்கள். முன்னரே ஒரு சிகிச்சையைக் கடந்து நோய் மீண்டவர்களிடம் பெறப்பட்டது என்பதால் இவ்வெண் கவனத்திற்குரியதாயிற்று.

2012 மார்ச்சில் ஜப்பானிய அரசு இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. நோயாளியின் புற்றுச் செல்லில் சிசிஆர்4 உள்ளதா என்று முதலில் சோதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆக, ஒரே எதிர்ப்பொருளின் வழித்தோன்றல்கள் நோயை அறியவும் நோயைத் தீர்க்கவும் பயன்பட்டன. 2018 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், தோலில் தோன்றும் டி செல் புற்றுகளான மைகோசிஸ் ஃபங்காய்டிஸ், செசாரி நோய் ஆகியவற்றுக்கு இம்மருந்தை ஏற்றுக்கொண்டது. 372 பேர் பங்கேற்ற அச்சோதனையில் நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் மொகமுலிசுமாப் பெற்றோரிடம் 7.7 மாதங்களாகவும், ஒப்பீட்டு மருந்து பெற்றோரிடம் 3.1 மாதங்களாகவும் இருந்தது.

8. அடையாளத்தின் இரு முகங்கள்

சிசிஆர்4 புற்றுச் செல்லுக்கு மட்டும் உரியதன்று. நோய்த்தடுப்பு எல்லை மீறாமல் காக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களிலும் அது உள்ளது. மிலானில் நடந்த ஆய்வொன்று இதனை 2001இலேயே அறிவித்திருந்தது. மருந்து சோதனைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இச்செய்தி அச்சில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் புற்றுநோய் ஆய்வாளர்கள் இதைப் பெரிதும் நன்மையாகவே கருதினர். ஒழுங்குபடுத்தும் செல்கள் குறைந்தால் உடல் புற்றைத் தானே எதிர்க்கும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. சகாகுச்சி ஷிமோன் குழு 2013இல், செயலாற்றும் நிலையிலுள்ள ஒழுங்குபடுத்தும் டி செல்களில் சிசிஆர்4 மிகுந்திருப்பதையும், அவற்றை நீக்கினால் புற்றுக்கு எதிரான எதிர்வினை வெளிப்படுவதையும் காட்டியது. ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பற்றிய பணிக்காகச் சகாகுச்சி 2025இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தீமையின் அறிகுறிகள் முன்னரே தோன்றியிருந்தன. இரண்டாம் கட்டச் சோதனையில் 63 விழுக்காட்டினருக்குத் தோல் தடிப்பு ஏற்பட்டது. ஒருவருக்கு அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்னும் கடும் வடிவம் கொண்டது. ஆனால் பெருந்தீமை வேறிடத்தில் காத்திருந்தது. இப்புற்றுநோயை முற்றிலும் குணப்படுத்தும் வாய்ப்புள்ள சிகிச்சை, பிறரிடமிருந்து பெறும் குருதிமூலச் செல் மாற்றமே. அம்மாற்றத்திற்குப் பின் கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்காமல் தடுப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். மாற்றத்திற்கு முன் மொகமுலிசுமாப் பெற்றவரின் உடலில் மருந்து சில காலம் தங்கி, புதிதாக வந்த ஒழுங்குபடுத்தும் செல்களையும் அழித்தது.

செல் மாற்றம் பெற்ற 996 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. அவர்களுள் 82 பேர் முன்னரே இம்மருந்தைப் பெற்றவர்கள். கொடையாளர் செல்களின் கடும் தாக்குதலும், ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத நிலையும், இறப்பும் அவர்களிடம் மிகுந்திருந்தன. கடைசி மருந்துக்கும் செல் மாற்றத்திற்கும் இடையே 50 நாளுக்குக் குறைவான இடைவெளி இருந்தவர்களுக்கு இடர் மேலும் கூடியது. நோயைத் தணித்து மாற்றத்திற்கு ஆயத்தப்படுத்திய மருந்தே மாற்றத்தின் பயனைக் கெடுத்தது. காத்திருந்தால் புற்று மீளும். காத்திராவிடில் கொடைச் செல் தாக்கும். கால இடைவெளியைக் கணக்கிடும் இப்பொறுப்பு அன்றுமுதல் மருத்துவருடையதாயிற்று.

இதனை அறியாமையால் நேர்ந்த பிழை என்று கூறிவிட இயலாது. செய்தி 2001 முதல் இருந்தது. அது புற்று ஆய்வின் வினாவுக்கு விடையாக மட்டுமே படிக்கப்பட்டது. செல் மாற்றத்தின் வினாவுக்கு விடையாகப் படிக்கப்படப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஒரு துறையின் நன்மை மற்றொரு துறையின் தீமையாக இருக்கக்கூடும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

9. பின்தொடர்ந்த தேடல்

அடையாளம் போதிய அளவு தனித்தன்மை உடையதாக இல்லை என்பது விளங்கியபின், புற்றுக்குள் இருக்கும் ஒழுங்குபடுத்தும் செல்களை மட்டும் சுட்டும் ஏற்பியைத் தேடும் முயற்சி வலுப்பெற்றது. மார்பு, குடல், நுரையீரல் புற்றுகளில் நடந்த ஆய்வுகள் 2016இல் சிசிஆர்8 ஏற்பியை முன்னிறுத்தின. அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பல இப்போது மருத்துவச் சோதனையில் உள்ளன. சிசிஆர்5க்கு எதிராக 1990களின் இறுதியில் உருவான பிஏ14 என்னும் எலி எதிர்ப்பொருளிலிருந்து வந்த லெரோன்லிமாப், எச்ஐவி சிகிச்சைக்கென நெடுங்காலம் சோதிக்கப்பட்டும் மொகமுலிசுமாப் பெற்ற நிலையை எட்டவில்லை.

ஆய்வுக்கூடக் கருவிகளின் தேவையும் குறையவில்லை. எலியில் புற்றுநோயை ஆராய, எலியின் ஏற்பியை அறியும் எதிர்ப்பொருள் வேண்டும். ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் கட்டோ யுகினாரியின் குழு, ஏற்பியை மிகுதியாகத் தாங்கும் செல்லையே செலுத்தி, அதே வகைச் செல்லைக் கொண்டே தெரிந்தெடுக்கும் முறையில், எலியின் சிசிஆர்4, சிசிஆர்8 உள்ளிட்ட பல கீமோகைன் ஏற்பிகளுக்கு எதிர்ப்பொருள்களை உருவாக்கியுள்ளது. எலிக்குத் தன் ஏற்பி அயற்பொருளாகத் தோன்றாது என்பதால் இப்பணிக்கு வேறு விலங்கினங்கள் பயன்படுகின்றன. முதற்பகுதியில் கூறப்பட்ட இரண்டாம் வழியின் வளர்ந்த வடிவம் இது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, இலக்கிலிருந்து மருந்துக்குச் செல்லும் நேர்க்கோடு இவ்வரலாற்றில் இல்லை. ஒவ்வாமை ஆய்வு, ஒரு தீவின் மக்களிடம் தோன்றிய நோய், எதிர்ப்பொருளின் சர்க்கரையைப் பற்றிய வேதியியல் ஆகிய மூன்று தனித்தனி ஓடைகள் 2002 முதல் 2004 வரையிலான காலத்தில் ஒன்று கலந்ததே மருந்தின் பிறப்பு.

இரண்டாவதாக, எதிர்ப்பொருள் அறிவின் விளைவு மட்டுமன்று; அறிவின் காரணமும் ஆகும். மைய நினைவுச் செல் என்னும் வகையும், சிசிஆர்4 தாங்கிய புற்று என்னும் நோய்ப் பிரிவும் எதிர்ப்பொருள்களால் காணக் கிடைத்தவை. ஆகவே எந்த வகைப்பாட்டைப் படிக்கும்போதும், அது எந்த எதிர்ப்பொருளால் காணப்பட்டது என்று வினவுவது ஆய்வாளரின் கடமை.

மூன்றாவதாக, கொல்லும் எதிர்ப்பொருள் செல்லின் அடையாளத்தைப் பார்க்கின்றதேயன்றி அதன் தன்மையைப் பார்ப்பதில்லை. புற்றுச் செல்லும் உடலைக் காக்கும் செல்லும் ஒரே அடையாளத்தை அணிந்திருக்குமாயின், மருந்து இரண்டையும் ஒன்றாகவே கருதும். 82 நோயாளிகளின் பதிவு இதற்குச் சான்று. சிசிஆர்8ஐ நோக்கிய இன்றைய முயற்சிகள் முதலில் விடை காண வேண்டிய வினாவும் இதுவே: இவ்வடையாளத்தை அணிந்திருக்கும் வேறு செல்கள் எவை, அவை இல்லாமற்போகும் நாளில் உடலுக்கு நேர்வது என்ன? அவ்வினாவைப் புற்றுநோய்த் துறைக்கு வெளியிலிருந்தும் கேட்கச் செய்வதே சிசிஆர்4 வரலாறு விட்டுச்சென்ற பாடமாகும்.